கேட்வே மூன்று இருக்கிறது, ஆள்தான் இல்லை: லோராவேன் குழுவை எப்படி உயிரோடு வைப்பது?

அலைவரிசை86

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, எங்கள் பகுதியில் யார் வேண்டுமானாலும் சென்சார் வைத்துத் தரவு அனுப்பிக்கொள்ளட்டும் என்று ஒரு திறந்த லோராவேன் வலையமைப்பு (லோரா ரேடியோ வழியாக, குறைந்த மின்சாரத்தில் சின்னச் சின்னத் தரவைத் தொலைவுக்கு அனுப்பும் முறை) போடக் கிளம்பினோம். கைக்காசைப் போட்டு 3 கேட்வே, அதாவது சென்சாரின் ரேடியோ செய்தியைப் பிடித்து இணையத்துக்கு அனுப்பும் பெட்டி, வாங்கினோம். மூன்றும் 8 சேனல். தி திங்ஸ் நெட்வொர்க் என்கிற பொது வலையமைப்பில் பதிவு செய்து, இரண்டை மொட்டைமாடியிலும் ஒன்றை உயரமான ஒரு கட்டடத்தின் உச்சியிலும் ஏற்றினோம். அதுவரைக்கும் ஒரே உற்சாகம். முதல் கூட்டத்துக்கு 25 பேர், உட்கார இடமில்லை. இரண்டாவதுக்கு 12. நான்காவதுக்கு நாங்கள் நால்வரும், கதவைத் திறந்துவிட வந்த காவலாளியும். வாட்ஸ்அப் குழுவில் இன்னும் 60 பேர் இருக்கிறார்கள், ஆனால் அதில் வருவதெல்லாம் ஃபார்வர்டுகள்தான்.

கேட்வேக்களில் ஒரு குறையும் இல்லை. கன்சோலை (அவற்றை நிர்வகிக்கும் இணையப் பக்கம்) திறந்தால் மூன்றும் இணைப்பில் இருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் ஒரு நாளில் வரும் பாக்கெட்டில் (சென்சார் ஒரு தடவை அனுப்பும் செய்தி) முக்கால்வாசி என் வீட்டு வெப்பநிலை சென்சார் இரண்டும் அனுப்புவதுதான். மீதி யாரோ வழிப்போக்கருடைய சாதனம்.

கவரேஜ் போதவில்லை, அதனால்தான் ஆள் வரவில்லை என்கிறார் எங்களில் ஒருவர். பெட்டியில் 15 கி.மீ. என்று போட்டிருந்தது, எங்களுக்கு 2 கி.மீ. தாண்டினாலே பாக்கெட் பாதிதான் வருகிறது. இன்னும் இரண்டு கேட்வே வாங்கினால் நிலைமை மாறுமா, இல்லை இது வேறு நோயா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், நேராகவே சொல்லலாம்.

சாலிடர்புகை

நேராகவே சொல்கிறேன்: வாங்காதீர்கள். மூன்று கேட்வேக்குத் தீனி போட ஆளில்லாதபோது ஐந்தாக்கினால் ஐந்தும் பட்டினி கிடக்கும்.

முதலில் அந்த 15 கி.மீ. கதையை முடித்துவிடுவோம். 2017ல் ஒரு பலூனில் வைத்த 25 மில்லிவாட் லோரா டிரான்ஸ்மிட்டரை 702 கி.மீ. தள்ளியிருந்த கேட்வே கேட்டது, அது உண்மை. ஆனால் பலூன் இருந்தது 38 கி.மீ. உயரத்தில், நடுவில் மறைக்க ஒரு செங்கல்கூடக் கிடையாது. உங்கள் சென்சாரோ கான்கிரீட் சுவருக்குப் பின்னால், தரையோடு தரையாக இருக்கும். கட்டடங்கள் நெருக்கமான இடத்தில் 2 கி.மீ. வருகிறதென்றால் ஆண்டெனாவை ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, ஆள் விஷயம். எல்லோரும் ஆம்ஸ்டர்டாம் கதையைச் சொல்லிச் சொல்லியே இந்த வலையில் விழுகிறோம். 2015ல் வீன்கே கீஸெமானும் யோஹான் ஸ்டாக்கிங்கும் ஆரம்பித்தார்கள், 10 கேட்வே, 6 வாரம், நகரம் முழுக்க கவரேஜ், தி திங்ஸ் நெட்வொர்க் பிறந்தது. இவ்வளவுதான் நாம் கேட்டிருக்கிறோம். அதே சமயத்தில் அவர்கள் ஒரு பயன்பாட்டையும் கையில் வைத்திருந்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை. கால்வாயில் கட்டிப்போட்ட படகின் அடியில் ஒரு சின்னக் கருவி. ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறினால் தகவல் போகும். படகுக்காரருக்கு லோரா என்றால் என்னவென்று தெரிய வேண்டியதே இல்லை. படகு முழுகக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

உங்கள் முதல் கூட்டத்தில் என்ன பேசினீர்கள்? நான் ஊகிக்கிறேன்: லோரா என்றால் என்ன, சிர்ப் மாடுலேஷன், ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், கேட்வே படம், அப்புறம் நோயிஸுக்குக் கீழே போன சிக்னலையும் பிரித்தெடுக்கும் என்கிற அந்த அதிசயம். நானும் அதைத்தான் செய்தேன். கேட்டவர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அதனால் அடுத்த முறை வரவில்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை.

அந்த 60 பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த இடத்துக்குத் தினமும் நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறீர்கள்? தொட்டி நிரம்பிவிட்டதா, குளிர்பதன அறையின் கதவு சாத்தியிருக்கிறதா, தோட்டத்தில் மண் காய்ந்துவிட்டதா, மழைமானியில் எவ்வளவு. எட்டிப் பார்க்கிற வேலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் உங்கள் அடுத்த உறுப்பினர் இருக்கிறார். ஒருவர் கிடைத்தால் போதும். அவருக்காக நால்வரும் ஒரு மாதம் உழையுங்கள்.

மாடிக்கம்பி

சாலிடர்புகை சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் பயன்பாடு கிடைத்த பிறகும் ஆள் ஓடிப்போகிற இன்னொரு இடம் உண்டு: முதல் பயிற்சிப் பட்டறை. நான் இதுவரை ஏழெட்டு நடத்தியிருக்கிறேன், முதல் மூன்றும் படுதோல்வி.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கீ. சாதனத்தைப் பதிவு செய்தால் கன்சோல் மூன்று எண்களைக் கொடுக்கும், அதை நிரலில் ஒட்ட வேண்டும். பலரும் பயன்படுத்தும் எல்மிக் என்கிற நிரல் நூலகத்தில் ஈயூஐ (அடையாள எண்) இரண்டையும் பின்னாலிருந்து முன்னாகத் திருப்பிப் போட வேண்டும், ஆப்கீ என்கிற ரகசியச் சாவியை மட்டும் நேராகப் போட வேண்டும். இதை யார் யோசித்தார்களோ தெரியாது. 20 பேரில் 15 பேர் எதையாவது மாற்றிப் போடுவார்கள். போட்டால் பிழைச் செய்தி ஒன்றும் வராது, சாதனம் வலையமைப்பில் சேர அனுமதி (ஜாயின்) கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது. முதல் பட்டறையில் இரண்டு மணி நேரம் இதிலேயே போயிற்று. ஒருவர் தன் போர்டு பழுது என்று முடிவுகட்டி அதைப் பெட்டியிலேயே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அது நல்ல போர்டு, இன்னும் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், முந்தைய நாள் ராத்திரியே எல்லாப் போர்டிலும் கீயை நானே ஏற்றி, ஒவ்வொன்றும் ஜாயின் ஆகிறதா என்று பார்த்து, மேலே ஒரு ஸ்டிக்கரில் எண் எழுதிவிடுகிறேன். பட்டறைக்கு வந்தவர் மின்சாரம் கொடுத்த பத்தாவது நிமிடம் தன் சென்சாரின் எண் திரையில் வருவதைப் பார்த்துவிட வேண்டும். கையால் சென்சாரைப் பொத்தினால் வெப்பநிலை ஏற வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு கீ, மறையாக்கம், எது சொன்னாலும் ஆர்வமாகக் கேட்கிறார்கள்.

கூடவே கட்டாயம் சொல்ல வேண்டியது ஏர்டைம், அதாவது ஒரு சாதனம் காற்றில் பேசும் நேரம். இங்கே அலைவரிசை பொதுச் சொத்து. ஒருவர் வாயாடினால் மற்றவர் பேச முடியாது. தி திங்ஸ் நெட்வொர்க்கில் ஒரு சாதனம் ஒரு நாளைக்கு 30 வினாடிதான் பேசலாம், சர்வரிலிருந்து அதற்குக் கீழே வருகிற செய்தி 10தான். ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (எஸ்எஃப்) எண் ஏற ஏறச் செய்தி மெதுவாகப் போகும், ஆனால் தூரம் கூடும்: 10 பைட் தரவு எஸ்எஃப்7ல் 62 மில்லிவினாடியில் முடிந்துவிடும், எஸ்எஃப்12ல் கிட்டத்தட்ட ஒன்றரை வினாடி. அதாவது கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கிறவர் நானூறு தடவைக்கு மேல் அனுப்பலாம், எல்லையில் இருக்கிறவருக்கு 20 தடவையோடு சரி. 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்பது கேட்க அடக்கமாகத்தான் இருக்கும், ஆனால் எஸ்எஃப்10லேயே அது ஒரு நாளைக்கு 35 வினாடி ஆகிவிடும். புதியவர்கள் செய்கிற முதல் காரியம் வெப்பநிலையைப் பெயர், அடைப்புக்குறி, மேற்கோள் குறியெல்லாம் போட்டு எழுத்தாக அனுப்புவது. அது இருபது பைட். 28.5 என்பதை 285 என்று முழு எண்ணாக்கினால் 2 பைட். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே போதும், புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொன்று, எல்லாச் செய்திக்கும் ஒப்புகை கேட்பதைத் தடுத்துவிடுங்கள். வழக்கமான கேட்வே தான் பேசுகிற நேரத்தில் மற்ற யாரையும் கேட்காது. ஒருவருக்கு வந்து சேர்ந்தது என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னும் மூன்று பேருடைய பாக்கெட் காற்றோடு போகும்.

சொந்தவீடு

எல்லாம் சரி, ஆனால் அடிப்படையே தப்பு என்பேன். ஏன் இன்னொருவருடைய சர்வரில் போய் உட்கார வேண்டும்? சர்ப்ஸ்டாக் என்கிற லோராவேன் சர்வர் மென்பொருள் இருக்கிறது, முழுக்கத் திறந்த மூலம், ராஸ்பெர்ரி பை என்கிற கையளவுக் கணினியிலேயே ஓடும். 30 வினாடிக் கட்டுப்பாடும் கிடையாது, இணையம் அறுந்தாலும் உள்ளூரில் தரவு வந்துகொண்டே இருக்கும். திறந்த வலையமைப்பு என்று சொல்லிவிட்டு சாவியை வெளியே கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மாடிக்கம்பி

சர்ப்ஸ்டாக் அருமையான மென்பொருள், என் வீட்டிலும் ஒன்று ஓடுகிறது. ஆனால் கட்டுப்பாடு கிடையாது என்பது பாதி உண்மைதான். 30 வினாடி என்பது அந்த வலையமைப்பின் விதி, சரி. அலைவரிசைக்கு என்று அரசு போட்ட விதி உங்கள் சர்வர் எதுவென்று பார்க்காது. ஐரோப்பாவின் 868 மெகாஹெர்ட்ஸில் பெரும்பாலான பகுதிகளில் 1 சதவீத நேரம்தான் பேசலாம், மற்ற நாடுகளில் அவரவர் விதி. விதியே இல்லாவிட்டாலும் காற்று ஒன்றுதான்.

அப்புறம், சர்வரை யார் பார்த்துக்கொள்வது? ராத்திரி இரண்டு மணிக்கு மெமரி கார்டு செத்தால் யார் எழுந்திருப்பது? நால்வர் குழுவில் அது எப்போதும் ஒரே ஆள்தான். அவர் ஆறு மாதத்தில் களைத்துப்போவார். இன்னொரு லாபத்தையும் மறக்காதீர்கள்: பொது வலையமைப்பில் பக்கத்து ஊர்க்காரர் வைத்த கேட்வே உங்கள் சென்சாரைக் கேட்டாலும் தரவு உங்களுக்கே வரும். தனிச் சர்வரில் அது தானாக நடக்காது.

சொந்தவீடு

மெமரி கார்டு விஷயத்தில் அடிபட்டவர் மாதிரி பேசுகிறீர்கள் :) சரி, நால்வர் குழுவுக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். தரவை மட்டுமாவது தினமும் ஒரு பிரதி எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வந்த பாக்கெட்டை அவர்கள் காலாகாலத்துக்கும் சேமித்து வைக்க மாட்டார்கள்.

புதுவரவு

இந்த லோராவேன், கேட்வே, சர்வர் தலைவலியே வேண்டாம், மெஷ்டாஸ்டிக் போடலாமே? ஆளுக்கொரு சின்ன ரேடியோ, இணையமே தேவையில்லை, ஒன்றிலிருந்து ஒன்று தாவிப் போகும். எங்கள் பக்கம் நிறையப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள்.

சாலிடர்புகை

வருவார்கள், ஏனென்றால் அதில் பேச முடியும். மனிதருக்கு மனிதர் குறுஞ்செய்தி அனுப்ப நல்ல பொருள், வெளியே எடுத்துப்போய்க் காட்டவும் ஜோர். ஆனால் லோராவேனில் சென்சார் பொதுவாக மற்றவர் செய்தியைச் சுமப்பதில்லை, தன் செய்தியைக் கத்திவிட்டுத் தூங்கிவிடும், அதனால்தான் ஒரு பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடுகிறது. மற்றவர் செய்தியை வாங்கிக் கடத்துகிற ரேடியோ விழித்திருந்தாக வேண்டும். இரண்டும் ஒரே சிப், வேறு வேறு வேலை. ஆள் சேர்க்க மெஷ்டாஸ்டிக்கை ஒரு மாலை வைத்துக்கொள்ளுங்கள், தடை இல்லை.

ஏணிப்படி

இத்தனை பேர் பேசியும் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. அந்த 3 கேட்வேயும் யார் கணக்கில் பதிவாகியிருக்கின்றன, அலைவரிசை86? உங்கள் சொந்தக் கணக்கு என்றால் இன்றைக்கே ஓர் ஆர்கனைசேஷன் உருவாக்கி, குறைந்தது இரண்டு பேரைச் சேர்த்து, கேட்வேக்களில் அதை கொலாபரேட்டராக (கூட்டு நிர்வாகியாக) போடுங்கள்.

சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குழுவில் 9 கேட்வே ஓடியது. தி திங்ஸ் நெட்வொர்க்கின் பழைய வி2 பதிப்பு 2021 டிசம்பரில் மூடப்பட்டது. வி3க்கு மாறுங்கள் என்று மாதக்கணக்கில் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், தப்பு முழுக்க எங்களுடையது. ஒவ்வொரு கேட்வேயிலும் சர்வர் முகவரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஐந்து நிமிடம். ஆனால் இரண்டு கேட்வேயின் கடவுச்சொல் ஊரை விட்டுப் போய்விட்ட ஒரு நண்பரிடம் இருந்தது, அவர் அந்த மின்னஞ்சலையே பார்ப்பதில்லை. ஒன்று இருந்த கட்டடத்தின் உரிமையாளர் மாறிவிட்டார், புது உரிமையாளருக்கு மாடியில் தொங்குவது என்னவென்றே தெரியவில்லை, மேலே விடவும் இல்லை. இன்னும் இரண்டு எங்கே இருக்கின்றன என்பதே எங்களில் யாருக்கும் நினைவில்லை! கடைசியில் 4தான் வி3க்கு வந்து சேர்ந்தன. கூட்டம் கூட்டி, பட்டறை நடத்தி, படம் எடுத்துப் போட்ட இரண்டு வருட உழைப்பில் பாதி, ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாததால் போயிற்று.

இப்போது அந்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒரு கேட்வேக்கு ஒரு பக்கம். எந்த மாடி, சாவி யாரிடம், எந்த நேரத்தில் ஏறலாம், மின்சாரம் எந்த சுவிட்சிலிருந்து வருகிறது, இணையம் யாருடையது, ஈயூஐ என்ன, கணக்கில் யார் யார், கனெக்டரில் தண்ணீர் புகாத டேப் கடைசியாக எப்போது சுற்றினோம். ஒரு பக்கத்தில் "ஆண்டெனா இல்லாமல் மின்சாரம் கொடுக்காதே" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அது அப்படிக் கொடுத்ததில் செத்துப்போன ஒரு பவர் ஆம்ப்ளிஃபையரின் (சிக்னலைப் பெருக்கும் பாகம்) நினைவாக எழுதியது.

இடம் கொடுத்தவர்களையும் கவனியுங்கள். மாடியைக் கொடுத்தவர் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்க மாட்டார், ஆனால் வலையமைப்பே அவர் தலைமேல்தான் நிற்கிறது. இது என் இணையத்தைத் தின்னுமா, என் வீட்டுத் தரவை எவனாவது பார்ப்பானா என்று ஒரு சந்தேகம் அவருக்கு இருந்துகொண்டே இருக்கும், கேட்க மாட்டார், ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். முதலிலேயே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: இழுப்பது சில வாட், இணையத்தில் போவது மிகச் சொற்பம், கடந்துபோகிற தரவு 128 பிட் ஏஇஎஸ் பூட்டுக்குள் இருக்கிறது, கேட்வேயின் சொந்தக்காரரே நினைத்தாலும் உள்ளே பார்க்க முடியாது. யாரோ ஒரு சாதனம் இந்த நேரத்தில் இவ்வளவு பலத்தோடு பேசியது, அதுதான் தெரியும். நாங்கள் அவருடைய கேட்வே வழியாக வருகிற மழை அளவை அவர் போனிலேயே தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்தோம். இப்போது மின்சாரம் போனால் எங்களுக்கு முன்னால் அவர்தான் கூப்பிடுகிறார்.

புதுவரவு

கேட்வே வைப்பவருக்குக் காசு கொடுத்தால் இந்தப் பிரச்சினையே வராதே?

ஏணிப்படி

அதையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. ஹீலியம் என்கிற வலையமைப்பு 2019லிருந்து கேட்வே வைத்தவர்களுக்குத் தன் கிரிப்டோ டோக்கனைக் கொடுத்தது. லட்சக்கணக்கில் கேட்வே முளைத்தது, டோக்கன் விலை ஏறும்போது ஏறியது, இறங்கும்போது பலர் பிடுங்கி விற்றுவிட்டார்கள். கேட்வே வந்த வேகத்தில் சென்சார் வரவேயில்லை. நம் அலைவரிசை86 சொன்ன அதே பிரச்சினைதான், பெரிய அளவில்.

அலைவரிசை86

எல்லோருக்கும் நன்றி, திட்டியதற்கும் சேர்த்து. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று கேட்வேயும் என் கணக்கில்தான் இருந்தன, ஏணிப்படி சொன்ன மாதிரியே. மாற்றிவிட்டேன். நோட்டுப் புத்தகம் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, உயரமான கட்டடத்தில் இருக்கும் கேட்வேக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் நால்வருக்கும் தெரியாது. காவலாளிக்குத் தெரிந்திருந்தது. அவரைக் குழுவில் சேர்த்துவிட்டோம்.

எட்டிப் பார்க்கிற கேள்வியை வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒரு நாள் முழுக்க மௌனம். அப்புறம் இதுவரை ஒரு வார்த்தை பேசாத ஓர் அம்மா எழுதினார்: அவர் இருக்கிற குடியிருப்பில் 5 தொட்டி, மோட்டார் போட்டுவிட்டு நிரம்பிவிட்டதா என்று பார்க்க ஒருவர் மாறி ஒருவர் நான்கு மாடி ஏறுகிறார்கள், அவருக்கு முழங்கால் வலி. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எங்களுக்கும் இதே கதைதான் என்றார்கள். கவரேஜ் வேண்டும் என்று அடம்பிடித்த நண்பரே இப்போது அல்ட்ராசோனிக் சென்சாரோடு (ஒலியலையால் தூரம் அளப்பது) உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் தொட்டியில் மாட்டப்போகிறோம். அம்மாவின் குடியிருப்பு கேட்வேயிலிருந்து 900 மீட்டர். ஏதாவது கவனிக்க வேண்டியது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், மறுபடி நான்கு மாடி ஏற என்னாலும் முடியாது.

மாடிக்கம்பி

பிரமாதம். தண்ணீர் புகாத அந்த அல்ட்ராசோனிக் சென்சார்கள் 20, 25 செ.மீ.க்குள் இருப்பதை ஒழுங்காகப் படிக்காது, தொட்டி நிரம்பும்போது உளறும். நிரம்பிய மட்டத்துக்கு மேலே 30 செ.மீ. இடைவெளி கிடைக்கிற மாதிரி மாட்டுங்கள், மூடிக்கு மேல் ஒரு குழாய்த் துண்டு வைத்தாவது உயர்த்துங்கள். உள்பக்கம் நீராவி படிந்து சொட்டும், சென்சார் முகம் நேர் கீழே இருக்கட்டும். 15 நிமிட இடைவெளி போதாது, அதற்குள் தொட்டி வழிந்துவிடும். மட்டம் மாறும்போது மட்டும் அடிக்கடி அனுப்பி, மாறாதபோது மணிக்கு ஒரு முறை அனுப்புகிற மாதிரி எழுதுங்கள், ஏர்டைமும் மிச்சம். முதல் ஒரு வாரம் அதை நம்பி மோட்டாரைத் தானாக நிறுத்த வைக்காதீர்கள், எண்ணை மட்டும் காட்டுங்கள்.

தொட்டி மூடி இரும்பா, பிளாஸ்டிக்கா?

அலைவரிசை86

இரும்பு.

மாடிக்கம்பி

அப்போ ரேடியோவும் ஆண்டெனாவும் வெளியே. சென்சார் ஒயர் மட்டும் உள்ளே போகட்டும்.